தெ என்ற ஓர் எழுத்து

அந்த நோட்டின் பச்சை ரெக்சின் அட்டையில் இன்னும் உப்பு பூக்கிறது. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. துடைத்து வைத்தால் நாலு நாளில் ஓரமெல்லாம் வெள்ளை படிந்துவிடுகிறது. போன மாதம் மணிமங்கலத்தில் அக்கா வீட்டுப் பரணை ஒழித்தபோது அகப்பட்டதாம். "உங்க ஆபீஸ் நோட்டு போல கீது. எனக்கு இன்னாத்துக்கு, நீயே வெச்சிக்கோ" என்று என் மடியில் போட்டாள். திறக்காமலே எந்த நோட்டு என்று தெரிந்துவிட்டது. உள்ளே நாலைந்து பக்கங்களில், கட்டம் கட்டமாக, ஓர் எழுத்து வரிசையாக நிற்கும். தெ, தெ, தெ, தெ. அந்த எழுத்தை வைத்துத்தான் நான் அக்காவின் கணவரைக் கடலிலிருந்து இறக்கினேன். இது அக்காவுக்குத் தெரியாது. நேற்று வரை அந்த நோட்டைத் திறக்காமல் அலமாரியிலேயே வைத்திருந்தேன்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் கடலை ஆராயும் ஓர் அரசு அலுவலகத்தில் படகில் போய் அளவெடுக்கும் உதவியாளர். பத்தாவதுதான் படித்தவர். எழுபதுகளில், நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அதே அலுவலகத்தில் கணக்குப் போட ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். தற்காலிக வேலை, வருஷா வருஷம் நீட்டிக்கவேண்டும். வேலை வாங்கிக் கொடுத்தவர் மேலேயே பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், அவர் மேலேதான். முன்பின் தெரியாதவன் மேல் பொறாமைப்பட யாருக்கு நேரம் இருக்கிறது? கூடவே பஸ்ஸில் வருகிறவர், கூடவே பந்தியில் உட்காருகிறவர், அவர் மேல்தானே வரும்.

எங்கள் இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான், வழிதான் வேறு. கரையோரமாக ஓடும் நீரோட்டம் வினாடிக்கு எவ்வளவு நீரை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். மாமா படகிலிருந்து ஒரு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குவார். அதில் சின்ன விசிறி இருக்கும். அது எத்தனை சுற்று சுற்றியது என்று பார்த்தால் வேகம். கூடவே திசைகாட்டிப் பெட்டி ஒன்று. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். வெவ்வேறு ஆழத்தில் எடுத்த நீரின் சூடும் உப்பும் தாளில் என் மேஜைக்கு வரும். சூடான நீர் லேசு, உப்பு கூடினால் கனம். இந்த வித்தியாசத்தால் கடல் ஓரிடத்தில் விரலளவு மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் இருக்கும். அந்தச் சரிவை வைத்து, கைப்பிடி சுற்றும் கணக்கு எந்திரத்தில் கடகடவென்று சுற்றி, ஓட்டத்தைக் கணக்கிடுவேன். அதற்கு முன்னால் ஒன்றை நம்பவேண்டும்: ஆழத்தில் ஏதோ ஒரு மட்டத்தில் நீர் அசையாமல் நிற்கிறது என்று. நிற்கிறதா இல்லையா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. "வைத்துக்கொள்வோம்" என்று எழுதிவிட்டு மேலே போகவேண்டியதுதான். என் கணக்கையும் மாமாவின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் எங்கள் டைரக்டரின் திட்டம்.

சேர்ந்த மூன்றாம் மாதமே நான் டைரக்டர் அறைக்குப் போய், என்னையும் ஒரு தடவை படகில் அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் வடநாட்டுக்காரர், நல்ல மனிதர்தான். படகில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்றார். அவ்வளவுதான். ஒரு கழிப்பறையில் என் கடல் முடிந்துபோனது. மத்தியானம் மாமா கறுத்துச் சிவந்த முகத்தோடு, உதட்டில் உப்போடு வந்து, "இன்னா கணக்குப்புள்ள, இன்னிக்கு டால்பினு படகு கூடவே வந்துச்சி பாரு, ஒரு மைலு!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கூடிய சனம் மொத்தமும் அவரைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தது. என்னைப் பற்றிப் பெரியப்பா கேட்டதற்கு என் அம்மாவே, "அவளா? அங்க கூட்டிக் கழிச்சிகினு கீறா" என்றாள்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மழைக்காலத்தில் மணிமங்கலம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. உபரி நீர் கால்வாயில் பொங்கி ஓடுகிறது, ஊரே வேடிக்கை பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். இதில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பேச்சு வந்தது. நான் விடுவேனா? கால்வாயின் அகலம், ஆழம், சரிவு எல்லாம் கேட்டுச் சூத்திரம் போட்டு நோட்டீஸ் தாளின் பின்பக்கத்தில் ஒரு விடை சொன்னேன். மாமா கரையில் கிடந்த தேங்காய் நெற்று ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டார். இந்தப் பனையிலிருந்து அந்தப் பனை வரை அது போக எத்தனை வினாடி என்று கைக்கடிகாரத்தில் பார்த்தார். மறுபடி போட்டார், மறுபடி பார்த்தார். என் விடையைப் போல் ஒன்றரைப் பங்கு வந்தது. "நீ சொன்னது சரிதான் கணக்குப்புள்ள, தண்ணிக்குத்தான் உன் கணக்கு தெரியல" என்றார். கரையே சிரித்தது. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் வேறு, "ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஒதவாதும்மா" என்று தலையாட்டினார். மாமா கேலிக்குத்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு அக்கா பரிமாறிய மீன் குழம்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இனி அந்த எழுத்துக்கு வருகிறேன். தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மின்சார ரயிலில் பீச் வரை போவோம். அந்த ஒரு மணி நேரமும் மாமா வாய் ஓயாது. கூடப் போகும் படகுக்காரர்கள் நீரோட்டத்துக்குப் பேர் வைத்திருப்பதை ஒருநாள் சொன்னார். "தெக்கேர்ந்து வடக்கால போவுது பாரு, அது தெண்டி. வடக்கேர்ந்து தெக்கால வந்தா வன்னி. காத்து மாதிரியே எங்கேர்ந்து வருதுன்னு பாத்து பேரு வெச்சிக்கீறாங்க. நம்ம ஆபீஸ்ல எங்க போவுதுன்னு எழுதணும். மொதல்ல எனுக்கே கொழம்பிடுச்சி" என்று சிரித்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன். காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

அந்தப் பங்குனியில் தொடர்ந்து ஆறு நாள் படகு போனது. அந்த வருஷத்து ஒப்பீடு முழுவதும் அந்த ஆறு நாளை நம்பித்தான் இருந்தது. முதல் நாள், முதல் அளவுக்கு முன்பே திசைகாட்டிப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து முள் சிக்கிக்கொண்டது. வேகம் மீட்டரில் வருகிறது, திசை இல்லை. கரைக்குத் திரும்பினால் அந்த வாரமே வீண். ஆகவே படகுத் தலைவரிடம் கேட்டுக் கேட்டு, கட்டத்துக்குள் முதல் எழுத்தை மட்டும் மாமா குறித்துக்கொண்டார். அலை தூக்கிப் போடும்போது அதற்குமேல் எழுத முடியாது. தெண்டிக்குத் தெ, ஓரிடத்தில் மட்டும் வன்னிக்கு வ. திசைகாட்டி கெட்ட விஷயத்தை ஓரமாகக் குறித்துவிட்டு, நோட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பெட்டியைப் பழுதுபார்க்கக் காசிமேட்டுக்குப் போய்விட்டார்.

அட்டவணை எழுதியது நான். தெ என்று இருந்ததை சவுத் என்றும் வ என்று இருந்ததை நார்த் என்றும் ஆங்கிலத்தில் மளமளவென்று எழுதி டைப்புக்கு அனுப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது மனதில் கள்ளம் இல்லை. தெ என்றால் தெற்கு, வ என்றால் வடக்கு, தமிழ் தெரிந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் டைரக்டர் என்னை அழைத்தார். மேஜையில் என் கணக்கும் மாமாவின் அளவும் கிடந்தன. என் கணக்கு, நீர் வடக்கே போகிறது என்றது. அளவு தெற்கே என்றது. ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்று உன் கணக்கு தப்பு, இல்லையென்றால் அந்த ஆள் திசை பார்க்கத் தெரியாதவர் என்றார். நோட்டைத் திறந்து அந்த எழுத்தின் மேல் பென்சிலை வைத்து, "இது தெற்கைக் குறிக்கும் எழுத்துதானா? நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு ரயில் ஜன்னலும் மாமாவின் சிரிப்பும் ஞாபகம் வந்தன. தெண்டி! நீர் வடக்கேதான் போயிருக்கிறது. என் கணக்கும் அவர் அளவும் ஒரே திசை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்து என்ன? வேகத்தில் அவருடையது என்னுடையதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. திசை சரியென்றால் அவர் அளவு சரி. அவர் அளவு சரியென்றால் என் கணக்கில்தான் குறை, என்னுடைய அசையாத மட்டம் அசைந்துகொண்டிருக்கிறது. மறுபடியும் கலங்கல், மறுபடியும் தேங்காய் நெற்று, மறுபடியும் சிரிப்பு.

"ஆமாம் சார், தெற்கு என்பதன் முதலெழுத்து அதுதான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை பாருங்கள். எழுத்தைக் கேட்டார், எழுத்தைச் சொன்னேன். எனக்குக் கிடைக்காத கடல் அவருக்கும் வேண்டாம் என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன். அதுதான் உண்மை, மற்றதெல்லாம் மழுப்பல்.

பங்குனியில் இந்தக் கரையில் நீர் வடக்கே போகும் என்று பழைய பதிவுகளும் சொன்னதால், திசை பார்க்கத் தெரியாதவர் என்று முடிவுகட்டி, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமலே மாமாவைப் படகிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். கயிறு, பெயின்ட், பல்பு எடுத்துக் கொடுக்கும் வேலை. உத்தரவு வந்த அன்று அவர் என் மேஜைக்கு வந்து, அட்டவணையை வாங்கி, சவுத், சவுத் என்று விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். டைரக்டர் அறை பத்தடியில்தான் இருந்தது. மாமா போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பிழைத்துக்கொள்வார், தற்காலிக வேலையிலிருந்த நான் வீட்டுக்குப் போவேன். "இதோட கார்பன் காப்பி ஒண்ணு குடுக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். வேண்டாமென்று ஒதுக்கிய நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லி நான் திருவிருந்துக்குப் போகவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் எந்த முகத்தோடு கர்த்தருடைய திராட்சரசப் பாத்திரத்தைக் கையில் வாங்குவது?

என் வேலை நிரந்தரமானது. என் கணக்கைப் பம்பாயில் ஒரு கருத்தரங்கில் படித்தார்கள், என் பெயரும் அதில் இருந்தது. எண்பதுகளில் பெரிய கப்பல் வந்தது, அதில் பெண்களுக்கு அறையும் இருந்தது. நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாமா ஸ்டோரிலிருந்து படியேறி வந்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். "நார்த்தங்கா ஊறுகா. வாந்தி வந்தா ஒரு துண்டு வாய்ல அடக்கிக்கோ. கரையைப் பாக்காத, தூரத்துல பாரு" என்றார். அந்த நேரத்தில் அவர் என்னை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கப்பலில் நாலு நாளில் மூன்று நாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. நார்த்தங்காயைத் தொடவும் இல்லை, அப்படியே கடலில் வீசினேன். இவருக்கு என் மேல் ஒரு கோபம்கூட வரக்கூடாதா என்று அதற்கும் வயிறெரிந்தேன்.

மாமா ஓய்வு பெறும் வரை ஸ்டோரில்தான் இருந்தார். வீட்டில் யாராவது கடல் கதை கேட்டால், "அதெல்லாம் பழசு" என்று எழுந்து போய்விடுவார். அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றுகூட அக்கா, "கடலை விட்டு வந்ததுலேர்ந்தே மனுசன் பாதியாப் பூட்டாரு, எந்தப் பாவி இன்னா சொன்னானோ" என்று என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இப்போது அந்தக் கலங்கல் கால்வாயின் மேல் பாலம் போட்டு, ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்கள் போகின்றன. அக்காவின் பேத்தி அதில் ஒன்றில்தான் ஷிப்டுக்குப் போகிறாள். நேற்று அவள் வந்து, "சின்னப் பாட்டி, தாத்தா நோட்டைப் படிச்சீங்களா? அதுல உங்களப் பத்தி எழுதிக்கீறாரு, ஆயா கண்ணுல படல" என்றாள். அவள் போனதும் கதவைத் தாழிட்டு நோட்டைத் திறந்தேன். என்ன எழுதியிருப்பார்? துரோகி என்று எழுதியிருந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

உப்பில் விறைத்த பக்கங்கள். தெ, தெ, தெ. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிற்பாடு வேறு மையில் ண்டி என்று சேர்த்திருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் நான் கொடுத்த கார்பன் நகல் ஒட்டியிருக்கிறது. சவுத் என்ற சொல்லை எங்கும் அடிக்கவில்லை. கீழே, கணக்கே தெரியாத அந்த மனிதர் பெருக்கிப் பெருக்கி அழித்து, ஆறு நாளுக்கும் மொத்த நீரைக் கண்டுபிடித்து, என் தொகையை ஒரு பக்கமும் தன் தொகையை ஒரு பக்கமும் எழுதி, இரண்டுக்கும் மேலே வடக்கு நோக்கி ஒரே ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார். அதற்கடியில் பென்சிலில் ஒரு வரி:

"கணக்குப்புள்ளயும் நானும் ஒரே பக்கம்தான்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தபோது இந்த மனுஷனால் மட்டும் எப்படி இதை எழுத முடிந்தது? நோட்டை மூடினேன். விரலில் உப்பு ஒட்டியிருந்தது. இன்றைக்குக் காலையில் அதைப் பையில் வைத்துக்கொண்டு மணிமங்கலம் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். அக்காவிடம் முதலில் தெ என்றால் என்ன என்று சொல்லவேண்டும்.