மலை ஓர் இடதுகைக்காரன்

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, அவரு போயிட்டாருங்க" என்றார். நான் இலையை மூடிவிட்டு, வண்டிச் சாவியைத் தேடியபடியே, "எந்தப் பக்கமா போனாரு?" என்று கேட்டேன். "எந்தப் பக்கமும் போகலைங்க. கட்டில்லயேதான் இருக்காரு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏழுமலை அண்ணனை அறிந்தவர்கள் என் கேள்வியைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைவு கலங்கிய பிறகு அவர் சொல்லாமல் வீட்டை விட்டு இறங்கி, கிரிவலப் பாதையில் நடக்க ஆரம்பித்துவிடுவார். அண்ணி எனக்குப் போன் செய்வார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு தேடப் போவேன். "போயிட்டாரு" என்ற சொல்லுக்கு எங்களுக்குள் அது ஒன்றுதான் அர்த்தமாக இருந்தது.

அவர் எனக்கு அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். ஒரு விளையாட்டுப் பத்திரிகையில், எல்லாக் காலத்துக்குமான சிறந்த குத்துச்சண்டை வீரர்கள் என்று நம் ஆட்களை வரிசைப்படுத்தி எழுதியிருந்தேன். முதலிடம் துரைக்கண்ணுவுக்கு, இரண்டாமிடம் ராயப்பனுக்கு. இருவருமே வடசென்னைக்காரர்கள். ரமணாசிரமம் பக்கத்து டீக்கடையில் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு, "இத எழுதுனது நீங்கதானா? நீங்க யார்கிட்டயாவது அடி வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க வாங்கியிருக்கீங்களா?" என்றேன். "ரெண்டு பேர்கிட்டயும்" என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார்.

செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், வாலிபத்தில் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்க் குத்துச்சண்டை ஆடியவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. துரைக்கண்ணுவோடும் மோதித் தோற்றார், ராயப்பனோடும் மோதித் தோற்றார். அந்த இருவரும் ஒருமுறைகூட நேருக்கு நேர் மோதியதில்லை. அதனால்தான் எங்கள் வாதம் கடைசிவரை முடியவில்லை.

என் கட்சி எளிமையானது. துரைக்கண்ணு இடதுகைக்காரர். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே தலை நரைக்கும்வரை ஆடினார். தன்மேல் அடி விழாமல் நழுவி, புள்ளிகளில் ஜெயித்துக்கொண்டே இருந்தார். ராயப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வலது கையை இறக்கினால் எதிராளி விழுவான். ஆனால் சில வருஷங்களிலேயே கண்ணில் அடிபட்டு ஒதுங்கிவிட்டார். நீண்ட காலம் நின்று ஆடியவர்தானே பெரியவர்? "துரை என்னை ஏமாத்துனான், ராயப்பன் என்னை அடிச்சான். ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க தம்பி" என்பார் அண்ணன்.

அப்போது நான் என் துருப்புச் சீட்டை எடுப்பேன். ராயப்பனிடம் சிக்கியவர்களில் விழாமல் கடைசி மணிவரை நின்ற ஒரே ஆள் ஏழுமலை அண்ணன். "உங்களையே சாய்க்க முடியாத ஆளுக்கு எப்படிண்ணே முதலிடம் குடுக்கறது?" என்பேன். டீக்கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஒருநாள் மட்டும், "ராயப்பன் அடிச்ச எல்லாருமே விழுந்தாங்க தம்பி. நான் கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்" என்றார். அதையும் நாங்கள் ஜோக் என்றே எடுத்துக்கொண்டோம்.

அவரோடு கிரிவலம் போனால் பக்திப் பேச்சு கம்மி, கால்வைப்புப் பேச்சு ஜாஸ்தி. இடதுகைக்காரனோடு மோதும்போது நம் இடப்பக்கமாகவே நகர்ந்து சுற்ற வேண்டும், அப்போதுதான் அவனுடைய பலமான கை எட்டாது. வலதுகைக்காரன் என்றால் வலப்பக்கமாக. பாதையில் நின்று மலையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு முஷ்டியையும் தூக்கி, இடப்பக்கமாக நகர்ந்து காட்டுவார். "பாத்தீங்களா, இதான் கிரிவலம். மலை ஒரு இடதுகைக்காரன். அதான் ஊரே இப்படிச் சுத்துது." பின்னால் வரும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பிறகு அவருக்குப் பெயர்கள் தப்ப ஆரம்பித்தன. பிறகு லாட்ஜ் சாவிகள். பழைய அடிகள் சேர்ந்து இப்போது வேலை காட்டுகின்றன என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணி என்னிடம் கேட்டார்: "யாரு பெரியவரு, யாரு பெரியவருன்னு இத்தனை வருஷமா பேசுனீங்களே. இது யாரு அடிச்ச அடி? அத மட்டும் சொல்லுங்க." என் பட்டியலில் அதற்குப் பதில் இல்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

பதில் அவருடைய கால்களில் இருந்தது. வீட்டை விட்டுப் போகும்போது ஆரம்பத்தில் சில நாள் ஊரோடு சேர்ந்து சரியான பக்கமாகத்தான் நடந்தார். போகப்போக எதிர்ப்பக்கமாகவே போனார். ஒரு பௌர்ணமி மாலை அடி அண்ணாமலை அருகே அவரைக் கண்டுபிடித்தேன். வருகிற கூட்டத்துக்கு எதிராக, முஷ்டிகளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, மலையைப் பார்த்தபடி, வலதுகைக்காரனோடு மோதுவதுபோல வலப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார். "பெரியவரே, எதிரா சுத்தாதீங்க, பாவம்" என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். சிலர் தள்ளினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நான் முன்னால் போய் நின்றதும், "மணி அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

"அடிச்சாச்சுண்ணே."

கைகளை இறக்கினார். சின்னப் பிள்ளைபோல என் வண்டியில் ஏறிக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்தப் பொய்யைத்தான் சொல்லி அழைத்து வந்தேன்.

வீட்டு வாசலில் அண்ணி, "இன்னிக்கு யாருங்க?" என்றார். "ராயப்பன்" என்றேன். அவர் அண்ணனின் கால் தூசியைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் விழுந்தாங்கல்ல, இவரும் விழுந்திருக்கலாம்ல" என்றார். நாங்கள் டீக்கடையில் கொண்டாடிய அந்தக் கடைசி மணியில் அண்ணிக்கு மட்டும்தான் கொண்டாட எதுவும் இல்லை என்று அப்போது புரிந்தது.

படுக்கையில் விழுந்த பிறகும் அவருடைய கைகள் நெஞ்சுக்கு மேலே மடங்கியே இருந்தன. அடக்கத்தன்று கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டச் சிரமப்பட்டார்கள். வாசலில் சங்கு ஊதி, சேகண்டியில் முதல் அடி விழுந்ததும், அதுவரை அழாமல் இருந்த அண்ணி அவர் காதருகே குனிந்தார். "மணி அடிச்சிட்டாங்க. கைய எறக்குங்க" என்றார். இந்த முறை மணி உண்மையாகவே அடித்தது. அந்த வீட்டில் அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

அவருடைய படம் எதுவும் என்னிடம் இல்லை. கையுறைகளை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார். மலையைப் பார்த்தால் இடதுகைக்காரன் என்று தோன்றுவது ஒன்று என்னோடு இருக்கும். இன்னொன்று அந்தப் பட்டியல். புதுப்பித்துத் தரச் சொல்லிப் பத்திரிகையில் கேட்டிருக்கிறார்கள். யார் பெரியவர் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் துரைக்கண்ணுவுக்குத்தான் முதலிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ராயப்பனை மேலே ஏற்றினால், ஏழுமலை அண்ணன் விழுந்துவிட்டார் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.