மாடம்மாள் பிடித்த கம்பி

மாடம்மாள் லேசில் கையை எடுக்கமாட்டாள். திருவனந்தபுரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது வருஷமாக அட்டெண்டர். கேஷுவாலிட்டியிலிருந்து நோயாளியை டிராலியில் தள்ளிக்கொண்டுபோய் வார்டில் சேர்ப்பது அவள் வேலை. கீழே கேஷுவாலிட்டியில் சொன்னதை அவள் வார்டில் சொல்வாள். வார்டு நர்ஸ் அதைத் திருப்பிச் சொன்னால்தான் டிராலிக் கம்பியை விடுவாள். எல்லாம் ஃபைலில் இருக்கும்போது இந்த அம்மாளுக்கு ஏன் வீண்வேலை என்று சிரிக்காத நர்ஸ் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷனுக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கேஷுவாலிட்டியில் அதைச் சொன்னாள். மேலே வார்டில் ஊசியோடு வந்தபோது, கீழே சொன்னது இவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள். தெரிந்திருக்கவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் மத்தியானம், டியூட்டி மாறும் நேரம். ஸ்ரீவராகத்து அனந்தலக்ஷ்மி மாமியைக் கால்புண்ணும் காய்ச்சலுமாகக் கொண்டுவந்திருந்தார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தது. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதற்கு மாமி தலையாட்டினாள். இன்சுலின் போட்டு, வார்டுக்கு அனுப்பினார்கள். மகன் கிரிஷ் அட்மிஷன் கவுண்டரில் நின்றுவிட்டான்.

லிஃப்டில் மாடம்மாள் பேசிய தமிழைக் கேட்ட தைரியத்தில் மாமி அவள் கையைப் பிடித்தாள்.

“நான் சாப்பிடவேயில்லைம்மா. இன்னிக்கு ஏகாதசி. நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. கிரிஷுக்குத் தெரிஞ்சா குதிப்பான். யாருகிட்டேயும் சொல்லிடாதே.”

மாமியின் உள்ளங்கை வேர்த்திருந்தது. பட்டினி வயிற்றில் இன்சுலின் என்ன செய்யும் என்று வார்டில் பார்த்தவள் மாடம்மாள்.

“மோன்கிட்ட சொல்லமாட்டேன் மாமி. சிஸ்டர்கிட்ட சொல்லாம இருக்க முடியாது, கேட்டியளா.”

மாமி கையை உதறிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வார்டில் ஆர்ஷா, வந்து பத்து நாளான நர்ஸ், வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“ஃபைல்ல எல்லாம் உண்டல்லோ சேச்சி. வச்சிட்டுப் போங்க.”

“ஃபைல்ல சாப்பிட்டதா இருக்கும் மோளே. மாமி சாப்பிடல்ல. இன்சுலின் போட்டு அரை மணிக்கூர் ஆச்சு. ஒருக்கா திருப்பிச் சொல்லு.”

கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

“மாமி சாப்பிடல்ல. இன்சுலின் போட்டு அரை மணிக்கூர்...” சொல்லிக்கொண்டு வரும்போதே ஆர்ஷாவின் முகம் மாறியது. பையைப் போட்டுவிட்டு மாமியின் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. மாமிக்குப் பேச்சு குழற ஆரம்பித்தபோது குளுக்கோஸ் ஏறத் தொடங்கியிருந்தது.

மூன்றாம் நாள், மாமியை ஸ்கேனுக்கு அழைத்துப்போக மாடம்மாள் டிராலியோடு வந்தாள். தள்ளப் பார்த்தால் வண்டி நகரவில்லை. மறுபக்கத்துக் கம்பியை ஆர்ஷா பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வலது காலை அசைக்கக் கூடாது. காலையில மூணு இட்லி சாப்பிட்டாச்சு. திருப்பிச் சொல்லுங்க சேச்சி, அப்பத்தான் விடுவேன்.”

ஒன்பது வருஷத்தில் அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் புருஷனுக்காக ஒருத்தர் கேட்டிருந்தால் போதுமே! மாடம்மாள் திருப்பிச் சொன்னாள்.

“வலது கால் அசையக் கூடாது. மூணு இட்லி...”

“ரெண்டு,” என்றாள் படுத்திருந்த மாமி. “மூணாவதைச் சாப்பிடலை. சரியாச் சொல்லிடும்மா.”