மாமா செய்த சக்கர வீடு

சின்னக் காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற வெள்ளை வீடு ஒன்றைக் கைப்பேசியில் காட்டி, "நம்ம காரே இழுத்துடும்மா, லீவுக்குப் போலாம்" என்றாள் என் மகள். கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

நான் சின்னப் பிள்ளையாக, நாங்கள் கடலூரில் இருந்த காலம். அம்மாவின் தம்பியான மாமா, சிப்காட்டில் ஃபைபர் தொட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். மார்கழி தரிசனத்துக்குச் சிதம்பரம் போனால் தங்க அறை கிடைக்காது. ஒரு வருஷம் கடைவாசலில் படுத்து எழுந்து வந்த கோபத்தில், மாமா தானே ஃபைபரில் ஓர் அறை செய்து சக்கரத்தில் ஏற்றிவிட்டார். அரிசி மில் எடைமேடையில் காரையும் அறையையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னார்: "காரு வெயிட்ல பாதிகூட இல்ல மச்சான். பொம்மையாட்டம் பின்னாடியே வரும்."

"நீ பொம்மைய ஓட்டு மாப்ள, நான் சாமி கும்புட்டுக்கினே வரேன்" என்றார் அப்பா.

எடைக் கணக்கு சரிதான். சாமான் ஏற்றியது அம்மா. அறையின் முன்சுவரில் நடராஜர் படத்தை மாட்டி, அதன் கீழே கோலமும் போட்டாள். "சாமி பக்கத்துல எச்சிப் பாத்திரமா? எல்லாத்தயும் பின்னாடி தள்ளு" என்று தண்ணீர் டிரம், அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு எல்லாவற்றையும் பின்சுவரோரம் அடுக்கவைத்தாள். மாமாவும் தட்டாமல் அடுக்கினார். மாமாவின் மனைவியான அத்தையும் என் தம்பியும் அறைக்குள் ஏறிக்கொண்டார்கள். அழுதும் எனக்கு இடம் கிடைக்கவில்லை. காரின் பின்சீட்டில் முட்டி போட்டு, கண்ணாடி வழியே அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விடிந்தும் பனி விலகவில்லை. வெள்ளை அறை பனியில் கரைந்துபோகும். சன்னலில் தம்பியின் முகம் மட்டும் எங்களைத் தொடர்ந்து வரும். பிறகு அதுவும் இருக்காது.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு பாலத்தின் சரிவில் இறங்கும்போது எதிரே லாரி ஒன்று சீறிப் போனது. தம்பியின் முகம் இடப்பக்கம் போயிற்று. வலப்பக்கம் வந்தது. மறுபடி இடப்பக்கம், இன்னும் தூரமாக. யாரோ நிதானமாகத் தொட்டில் ஆட்டுவதுபோல. சத்தமே இல்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கையாட்டினேன்.

"மாப்ள, பின்னால யாரோ புடிச்சி ஆட்டுறாங்கடா." அப்பாவின் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை.

"தெரியுது மச்சான்."

"பிரேக்கப் போடேன்!"

"போட்டா கவுந்துடும். பேசாம இருங்க."

கார் வேறு யாருக்கோ கீழ்ப்படிந்து போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை தம்பியின் முகம் எங்கள் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே போனது. திரும்பி வர நேரமாயிற்று. அம்மா என் முடியைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. மாமா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி சிலைபோல உட்கார்ந்திருந்தார். ஆட்டம் சிறுத்தது. இன்னும் சிறுத்தது. சாலையோரப் புளியமரத்தடியில் நின்றோம்.

அம்மா ஓடிப்போய்த் தம்பியை இறக்கினாள். "இன்னொரு தடவ ஆட்டச் சொல்லும்மா" என்றான். பளாரென்று ஓர் அறை விட்டு, உடனே அவனை மூச்சு முட்ட அணைத்துக்கொண்டாள். அத்தை இறங்கி, சேலை அழுக்காவதைப் பார்க்காமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா குனிந்து, அறையைக் காரோடு கோத்திருந்த கொக்கியை விடுவித்தார். அறையின் முன்னால் நீண்டிருந்த இரும்புத் தண்டு காலில் விழுமோ என்று அப்பா பின்வாங்கினார். அது விழவில்லை. யாரும் தொடாமலே மெல்ல எழுந்தது. மாமாவின் இடுப்பு வரை, மார்பு வரை. அறையின் பின்பக்கம் மண்ணில் அமர்ந்தது. உள்ளே அண்டா உருண்டது.

"எல்லா வெயிட்டும் பின்னாடி," என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "வழியெல்லாம் காரோட பின்பக்கத்தத் தூக்கிக்கினே வந்துருக்கு மச்சான். அதான் அந்த ஆட்டம்."

மாமா எங்களுக்குக் காட்டவென்றே ஒளித்துவைத்திருந்த வித்தை அது என்று நினைத்து, பனிக்குள் அந்தரத்தில் நின்ற அந்த இரும்பைப் பார்த்து நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேன்.