அக்காவின் முதல் அடி

சிம்பாங் ரெங்கத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறாள் என் அக்கா. இடது இடுப்பில் செயற்கை மூட்டு வைத்த பிறகும் பல வருடம் கிளட்ச் மிதித்தவள். அவளுக்கு வேறு வேலை பிடிக்காது.

பிறகு தொடையில் வலி வந்தது. உட்கார்ந்து எழுந்து வைக்கிற முதல் அடியில் உயிர் போகும். அதனால் வேனில் ஏறினால் இறங்கமாட்டாள். கதவைப் பிள்ளைகளே திறந்துகொள்ள வேண்டும். எங்களிடம் மூச்சு விடவில்லை. தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

சொந்தபந்தம் சும்மா இருக்குமா? எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்று ஒருத்தி நெல்லிக்காய்ச் சாறு கொடுத்தாள், ஒருத்தி பச்சை மஞ்சளை அரைத்துக் கொடுத்தாள். அக்கா எல்லாவற்றையும் குடித்தாள்.

ஜோகூர் பாருவில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயில் தொடையெலும்புக்குள் இறங்கியிருந்த மூட்டின் உலோகத் தண்டைச் சுற்றி ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார். கிருமி இல்லையென்று சோதனையில் தெரிந்துவிட்டது. மூட்டிலுள்ள பிளாஸ்டிக் தேயத் தேயக் கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறதாம். உடம்பைக் காவல் காக்கும் அணுக்கள் அதை விழுங்கி, செரிக்க முடியாமல் கலவரம் செய்ய, பக்கத்து எலும்பு கரைந்து மூட்டு ஆட்டம் கண்டுவிட்டது. எதிர்ப்புச் சக்திக்கு ஒரு குறையும் இல்லை என்றார் அவர். நெல்லிக்காயை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சாறால் வந்த வினையில்லை என்றும் சொன்னார்.

மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும், அது முதலாவதைவிடக் கடினமானது என்றார். அக்கா கேட்டது ஒன்றுதான்: "திரும்ப வேன் ஓட்டலாமா டாக்டர்?" அவர் உறுதி சொல்லவில்லை.

வெளியே வந்து நான் அந்த அணுக்களைத் திட்டித் தீர்த்தேன்.

"திட்டாதடா தம்பி. என்னைக் காப்பாத்துறோம்னு நெனச்சுதானே செஞ்சிச்சுங்க," என்றாள்.

தன் எலும்பைக் கரைத்தவற்றுக்கே வக்காலத்து வாங்குகிறாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆபரேஷன் முடிந்து, தினமும் வாக்கரைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அந்த நாட்களில் வேனை நான் ஓட்டினேன். மாமா லேட்டு என்று பிள்ளைகள் அவளுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார்கள்.

டாக்டர் சரியென்று சொன்ன பிறகு அவள் ஓட்டிய முதல் நாள், பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பள்ளி வாசலில் கைப்பிரேக்கைப் போட்டாள். கதவைத் திறக்க நான் எழுந்தேன்.

"நீ உக்காரு லா," என்றாள்.

தானே இறங்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அடியில் அது சுளிக்கவே இல்லை. சுற்றி நடந்து வந்து, பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.