கிராணி மீனின் புதுப் பெயர்

குனோங் ராபாட் ஊரின் வளர்ப்பு மீன் கடையில் ஈர மணல் வாடை அடித்தது. மீசை வைத்த குட்டிக் கவசக் கெளுத்தியைக் காட்டி, "கோரிடோராஸ்தானே?" என்றேன், பெரிய மேதாவிபோல.

"அது பழசு அண்ணே. விஞ்ஞானிங்க வேற பேரினத்துல சேத்துட்டாங்க லா," என்றான் கடைக்காரத் தம்பி.

சின்ன வயதில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தில் இதே மீன் ஒன்று இருந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணியாரின் மீசை அதற்கு இருந்ததால், அதன் பெயர் கிராணி. பால்மரம் சீவிவிட்டு வரும் அப்பா, கைகளில் ரப்பர்ப்பால் நாற, மீன் இருந்த கண்ணாடிப் போத்தலின் முன் குந்துவார். "மீசையப் பாருடா! எடத்த விட்டு நகருதா பாரு!"

தோட்டம் கைமாறியது. மூன்று தலைமுறையாகத் தொழிலாளிகளாக இருந்த எங்களை, புது முதலாளியின் ஆட்கள் புறம்போக்குவாசிகள் என்றார்கள். பிறகு லயத்தை இடிக்க மண்வாரி இயந்திரம் வந்தது. அம்மா சாமிப்படத்தைத் தூக்கினார், அப்பா மீன் போத்தலை. அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்த நான் உள்ளே அழுதேன். அழுகை இரண்டு மடங்காகக் கேட்டது.

"அழாதடா. கிராணிக்குக் கவசம் இருக்கு, பொழச்சிக்கும்," என்றார் அப்பா.

மீன் பிழைத்துக்கொண்டது. அப்பா அந்த வருடத்தைத் தாண்டவில்லை.

"பேர மாத்தினவங்க, தொட்டியையும் காலி பண்ணச் சொன்னாங்களா?" என்று கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன்.

தம்பி சிரித்தான். "அதே தொட்டிதான் அண்ணே."

கொடுத்து வைத்த கிராணி.