எண்ணெய்க் குளியலும் கொழும்புக் கப்பலும்

சண்டை முடிந்த மறு வருஷம், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமையன்று, எங்கள் வம்சத்தின் முதல் கல்லூரி ஜீவன் கடல் தாண்டப் புறப்பட்டது. ஜீவனின் பெயர் சண்முகக்கனி, என் அக்காள் மகள். அவளுக்கு முன் குடும்பத்தில் பெரிய படிப்பாளி நான்தான். ஐந்தாம் வகுப்பு. அதையே இரண்டு தடவை படித்ததால் பத்தாம் வகுப்பு என்று சொல்லிக்கொள்வேன்.

கனி பாளையங்கோட்டையில் இன்டர் முடித்து, சென்னையில் பி.எஸ்ஸி. ஒரு வருஷம் ஓட்டி, அதைப் பாதியில் விட்டுக் கொழும்பில் டாக்டர் படிப்புக்கு மாறுகிறாள். சனிக்கிழமை மதியத்துக்குள் அங்கே நேரில் நிற்க வேண்டும், தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. வெள்ளிக்கிழமைக் கப்பலை விட்டால் அடுத்தது திங்கள். அங்கே இறங்கினதும் அவள் பெரியப்பா பார்த்துக்கொள்வார். கடல் வழித் துணைக்கு, ஏழு கடலையும் ஒரே மிடறில் குடிப்பவன் என்று பெயரெடுத்த நான் போவதாக ஏற்பாடு. அந்தப் பெயரை எனக்கு வைத்ததும் நான்தான்.

சாயர்புரத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி பன்னிரண்டு மைல். பஸ்ஸுக்கு ஆறணா. கரி பஸ்தான், பின்னால் அடுப்பு எரிந்தால்தான் முன்னால் சக்கரம் உருளும். இறங்கித் தள்ளுகிற தூரத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. கருப்பட்டிச் சிப்பங்களும் முறுக்கு டின்களுமாக நாங்கள் ஏற்றிய மூட்டைகளைப் பார்த்த கண்டக்டர், “அண்ணாச்சி, இம்புட்டும் போய் எறங்குனா இலங்கை முங்கிராதா?” என்று கவலைப்பட்டார்.

அன்று விடியற்காலையில்தான் அந்தக் காரியம் நடந்தது. பிரயாண நாளில் யாராவது தலை முழுகுவார்களா என்று கேட்டதற்கு என் அக்காள், “இது பிரயாணமாலே? பட்டாபிஷேகம்லா!” என்றாள். மணப்பெண்ணுக்குத் தேய்ப்பதுபோல் கனிக்கு எண்ணெய் தேய்த்தாள். பிறகு, துறைமுகம் வரை வருகிற எங்கள் ஏழு பேரையும் வரிசையாக உட்கார வைத்தாள். அக்காள் தேய்க்கிற சீயக்காய்க்குத் தலை எது, கண் எது என்று தெரியாது.

துறைமுகத்தில், கப்பலுக்குக் கொண்டுபோய் விடுகிற லாஞ்சுப் படகில் ஏறுமுன், ஒரு கொட்டகையில் டாக்டர் ஒவ்வொருவர் கண்ணையும் இமை விலக்கிப் பார்ப்பார். கனியின் கண்ணைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“கண் நோவு. ஏத்த முடியாது.”

“ஐயா, அது சீயக்காய்! நம்பலேன்னா இதுகளையும் பாருங்க!” என்று எங்கள் குடும்பத்தை முன்னால் நிறுத்தினேன். ஒரே நிறத்தில் பதினான்கு கண்கள் அவரைப் பார்த்தன. டாக்டர் ஓரடி பின்வாங்கினார்.

“குடும்பத்துக்கே பரவிடுச்சா? எல்லாரையும் தொத்துநோய் முகாம்ல அடைக்கணும் போலிருக்கே!”

“சீமை ராணிக்கே நாங்கதான் சீயக்காய் அனுப்புதோம் ஐயா...” என்று தொடங்கினேன்.

“மாமா, வாயைக் கொஞ்சம் கரையில கட்டிப் போடுங்க” என்றாள் கனி. பிறகு டாக்டரிடம் திரும்பினாள். “சார், நோவுன்னா நேரம் ஆக ஆகச் சிவப்பு கூடும், பீளை கட்டும். சீயக்காய்னா கொறையும். கடைசி லாஞ்சு எப்போ?”

“நாலு மணிக்கு.”

“மூணரைக்கு மறுபடி பாருங்க. கூடியிருந்தா நானே திரும்பிப் போயிருதேன்.”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன படிக்கப் போறே?”

“இதத்தான் சார்.”

மூன்று மணி நேரம் கிடைத்தது. இனி ஒரே ஒரு நிபந்தனைதான், கனி அழக் கூடாது. அவள் அழாமலிருக்க வேண்டுமானால் மற்றவர்களும் அழக் கூடாது. மகளைக் கடலுக்கு அப்பால் அனுப்புகிற தாயிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

“யக்கா, ஒரு சொட்டு விட்டாலும் கப்பல் போயிரும்!”

“நான் எங்கலே அழுதேன்? காத்துல உப்பு!” என்று அக்காள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

நிலைமையைச் சமாளிக்க நான் கதை சொன்னேன். கொற்கையில் கடல் இருந்த காலத்தில், முத்துக் குளிக்க முங்கிய எங்கள் பாட்டனார் சுறாவிடம் பீடிக்கு நெருப்புக் கேட்ட கதை. கனி விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் நீர் கட்டிவிட்டது.

“ஏலே, சிரிக்க வைக்காத! அதுக்கும் தண்ணி வருது! தூரப் போ!” என்றாள் அக்காள்.

பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் துரத்தப்பட்டேன். அங்கே தனியாக நின்றபோதுதான், சிறு பிள்ளையாக என் தோளிலேறி விளக்குக் கோபுரம் பார்த்தவள் இப்போது அதையும் தாண்டிப் போகிறாள் என்று உறைத்தது. அப்புறம் நடந்ததை விவரிக்க மாட்டேன்.

மூன்றரைக்கு டாக்டர் வந்தார். கனியின் கண் சங்கு போல வெளுத்திருந்தது. “ஏறலாம்” என்று சொல்லிவிட்டு என் இமையைப் பிடித்தார்.

“இது மத்தியானம் பாத்ததவிடக் கூடியிருக்கே! பொண்ணு சொன்ன கணக்குப்படி உமக்கு நோவுதான்.”

“அழுதேன் ஐயா” என்றேன். அன்று முழுவதும் நான் பேசியதில் கலப்படமில்லாத சொல் அது ஒன்றுதான்.

“அப்ப சீயக்காய், இப்ப அழுகையா?” டாக்டர் கனியைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்றே?”

கனி என் கண்ணை உற்றுப் பார்த்தாள். அழுத கண் எது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

“எனக்குத் தெரியல சார். நான் இன்னும் படிக்கலியே!”

அவள் என் கையிலிருந்த தகரப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். “பெரியப்பா அங்கன ஜெட்டில நிப்பாவ மாமா. நான் போயிருவேன். நீங்க அம்மாவைப் பாத்துக்கிடுங்க.” மூட்டைகளில் ஒரு கருப்பட்டிச் சிப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு லாஞ்சில் தாவினாள். அது கரையை விட்டதும் அக்காள் அடக்கிவைத்த அழுகையைத் திறந்தாள் பாருங்கள், துறைமுகத்தில் ஓரடி தண்ணீர் ஏறியிருக்கும். மறுநாள் சாயங்காலம் தந்தி வந்தது. சேர்ந்துவிட்டாள்.

இனி, பிள்ளைகளை அனுப்ப இருப்பவர்களுக்கு. டெக் டிக்கெட் எட்டு ரூபாய். கப்பல் கரையிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் நிற்கும், லாஞ்சில்தான் போக வேண்டும். சாயங்காலம் புறப்பட்டுக் காலை ஏழு மணிக்குக் கொழும்பு சேரும் என்கிறார்கள். அதற்கு மேல் கொழும்பைப் பற்றிக் கனியைத்தான் கேட்க வேண்டும். எண்ணெய்க் குளியலை இரண்டு நாள் முன்னதாக முடித்துவிடுங்கள். மூட்டையில் பாதியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

படிக்கப் போகிற பிள்ளைக்குத் துணை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும். லாஞ்சு வரைக்கும்.