மூன்றாவது குரலுக்குக் கட்டம் இல்லை

பல்கலைக்கழகத்தின் சமய ஆய்வுத் துறையில் அவளுக்கு ஹெட்போன் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடங்களாகப் பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள். யார் வீட்டு மின்விசிறி எப்படி முனகும் என்பதுவரை அத்துப்படி.

பதில்களை நிரப்பும் படிவம் மேற்கிலிருந்து வந்தது. மதத்தின் பெயர், புனித நூல், நம்பிக்கை உண்டா இல்லையா. மதம் என்றால் இவ்வளவுதான் என்று அங்கே யாரோ முடிவுகட்டிக் கட்டம் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் சலவைக்கடைக்காரம்மாவின் பேட்டி வந்தது. களத்துக்குப் போன ஆய்வாளர் கேட்கிறார்: "இறந்துபோன உங்க தங்கச்சி இன்னும் இருக்காங்கன்னு நம்புறீங்களா?"

"நம்புறதா? இதோ, உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்கா. நீங்க இருக்கீங்கன்னு நம்புறியான்னு என்கிட்ட யாராச்சும் கேப்பாங்களா?"

பதினோரு விநாடி மௌனம். பிறகு ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். அது அந்த இருவரின் இருமல் இல்லை.

அக்கா ஆய்வாளரைக் கூப்பிட்டு, "அறையில எத்தனை பேர் சார்?" என்றாள்.

"ரெண்டே பேர்தான். ஆனா நாற்காலி மூணு போட்டாங்க."

படிவத்தில் என்ன போடுவது என்று கேட்டபோது துறைப் பேராசிரியர் அசரவில்லை. "மதம் இல்லை, நம்பிக்கை இல்லைன்னு போட்டுடும்மா."

"சார், அவங்க நம்பலைன்னு சொல்லலியே. அந்தக் கேள்வியே பொருந்தலைங்கறாங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா!"

படிவத்தில் அவர் சொன்னபடியே போட்டாள். தட்டச்சுப் பிரதியில் மட்டும், 'மூன்றாமவர்: இருமல்' என்று சேர்த்தாள்.

மனசு ஆறவில்லை. சனிக்கிழமை பிற்பகல் பிரதியை எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்கே போனாள். பின்னறையில், மடித்த துணிகளுக்கு நடுவே, அந்தம்மா மூன்று நாற்காலி போட்டாள். அக்கா முழுவதையும் வாசித்தாள்.

அந்தம்மா காலி நாற்காலியைப் பார்த்து, "சரியா எழுதியிருக்காங்களாடி?" என்றாள். காத்திருந்தாள். பிறகு அக்காவிடம் திரும்பி, "ஒரு வார்த்தை விட்டுப்போச்சாம். இருமுறதுக்கு முன்னாடி தண்ணி கேட்டாளாம்" என்றாள்.

திங்கட்கிழமை அக்கா ஒலிப்பதிவின் வேகத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள். மின்விசிறியின் முனகலுக்கு அடியில், தொண்டை வறண்ட ஒரு பெண்குரல். "தண்ணி."

அறிக்கையில் அந்த வீடு 'மதமற்றோர்' கணக்கில் போய்ச் சேர்ந்தது. அக்காவின் பிரதியில் 'தண்ணி' என்ற அந்தச் சொல் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் பக்கத்திலிருந்த காலி நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை.